ரங்கன்திட்டு போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மைசூர் டூர் போடுறவங்க நிறைய பேர் ரங்கன்திட்டு பறவைகள் சரணாலயத்தை அரண்மனைக்கும் பிருந்தாவனத்துக்கும் நடுவுல கிடைக்கிற ஒரு மணி நேரத்துல சொருகிடுறாங்க. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, போற வழில ஒரு எட்டு பாத்துடலாம்னு நினைச்சு சாப்பிட்டுட்டு மத்தியான வெயில்ல போய் இறங்குவாங்க, அந்நேரம் பறவைங்க அசையாம உக்காந்திருக்கும், போட்டோவும் வெளுத்துப்போகும். காலைல கேட் திறக்கும்போதே அங்க இருங்க, இல்ல சாயங்காலம் எல்லாம் கூட்டுக்குத் திரும்புற நேரமா பாத்துப் போங்க.

ஆனா இதைவிடப் பெரிய தப்பு மாசத்தைப் பாக்காம போறதுதான். இது காவிரிக்கு நடுவுல இருக்கிற சின்னச் சின்னத் தீவுங்க, 17-ம் நூற்றாண்டுல மைசூர் ராஜா ஆத்துக்குக் குறுக்க கட்டின அணைக்கட்டால உருவானது. இதுக்கு மேல, தண்ணி வர்ற பக்கம், கேஆர்எஸ்னு சொல்ற கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கு. ஜூலை ஆகஸ்ட்ல அணை நிரம்பி முழு அளவான 124.80 அடியைத் தொட்டுடுச்சு, உபரி நீர் திறக்குறாங்கன்னு நியூஸ் வரும்ல, மேட்டூருக்குத் தண்ணி வருதுன்னு நமக்கெல்லாம் சந்தோஷமா இருக்கும், அதே தண்ணி முதல்ல இந்தத் தீவுங்களைத்தான் முக்கிட்டு வருது. அப்ப தீவுங்களைச் சுத்திக் காட்டுற படகுச் சவாரியை நிறுத்திடுவாங்க, கரைல நின்னுட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால மழைக்காலத்துல லீவு கிடைச்சா முதல்ல கேஆர்எஸ் நிலவரம் பாருங்க, அப்புறம் ரூம் போடுங்க.

குளிர்காலத்துல வெளிநாட்டுப் பறவைங்க வரும். ஆனா இங்கயே கூடு கட்டுற மஞ்சமூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடாவெல்லாம் குஞ்சோட பாக்கணும்னா பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல நேரம். முடிஞ்சா சனி ஞாயிறு வேண்டாம்.

படகுல ஏறினதும் நடக்குற தப்புதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். பறவை பறக்குற மாதிரி ஒரு வீடியோ வேணும்னு கை தட்டுறது, விசில் அடிக்கிறது. தயவுசெஞ்சு வேண்டாங்க. கோடை வெயில்ல தாய் நாரை இறக்கையை விரிச்சு குஞ்சுங்களுக்கு நிழல் குடுத்துட்டு நிக்கும், அதைக் கலைச்சுட்டா அந்தக் குஞ்சு வெயில்ல வாடும், காக்காவுக்கு முட்டையும் சுலபமா கிடைச்சிடும். பாறை மேலயே முட்டை போடுற ஆத்து ஆலா பாவம், அதுக்கு மறைவுன்னு ஒண்ணுமே கிடையாது. 1940-ல பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி மைசூர் மகாராஜாகிட்ட எடுத்துச் சொல்லித்தான் இந்த இடத்தைக் காப்பாத்துனாரு, 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேந்துடுச்சு, அப்படிப்பட்ட இடத்துல ஒரு ரீல்ஸுக்காக கத்தணுமா சொல்லுங்க.

இன்னொண்ணு முதலை. பாறை மேல வாயைத் திறந்துட்டு அசையாம கிடக்கும், சிலை மாதிரி தெரியும், ஆனா நிஜம். வெயில்ல உடம்பு சூட்டைக் குறைக்கத்தான் வாயைத் திறந்து வச்சிருக்கு. அதைப் பாக்கணும்னு எல்லாரும் ஒரே பக்கம் எந்திரிச்சு நிக்காதீங்க, குழந்தைங்க தண்ணில கை விடாம பாத்துக்கோங்க. ரங்கன்திட்டு முடிச்சுட்டு பக்கத்துல எங்கயாவது காவிரில ஒரு குளியல் போடலாம்னு பிளான் பண்றவங்க இருக்காங்க, முதலைக்கு சரணாலய எல்லை தெரியாது, அந்த பிளானை விட்டுடுங்க.

போன் கேமரா ஜூமை மட்டும் நம்பிப் போகாதீங்க, வாடகைக்காவது ஒரு பைனாகுலர் எடுத்துக்கோங்க. பளிச்சுன்னு சிவப்பு, ஆரஞ்சு டிரஸ் வேண்டாம், காக்கி இல்ல பச்சை போதும். படகு ஓட்டுறவங்ககிட்ட கன்னடமோ தமிழோ தெரிஞ்சதுல பேச்சுக் குடுங்க, எந்த மரத்துல எது கூடு கட்டியிருக்கு, பழந்தின்னி வௌவால் எங்க தொங்குதுன்னு அவங்களே காட்டுவாங்க. போட்டோ சீரியஸா எடுக்கிறவங்கன்னா பொதுப் படகுல ஏறிட்டு இன்னும் கொஞ்சம் நில்லுங்கன்னு கெஞ்சாம, தனிப் படகு இருக்கான்னு கவுண்டர்ல முதல்லயே கேட்டுடுங்க.