குடும்பக் குழுவில் வெறுப்பு வீடியோ வந்து விழுந்தால் என்ன செய்வது?

2023 ஜனவரிக் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். ரோஜாப்பூ குட்மார்னிங்குக்கும் பழநி முருகன் ராஜ அலங்காரத்துக்கும் நடுவில் அது வந்தது. திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர் ஆட்களைத் துரத்துகிறார்கள். கீழே ‘இன்னும் தூங்குகிறாயா தமிழா’ என்ற ரகத்தில் நாலு வரி. பத்து நிமிடத்தில் மூன்று கோப முகங்கள். ‘இவனுங்களை எல்லாம் ரயில் ஏத்தி அனுப்பணும்’ என்று அத்தை.

வீடியோ உண்மைதான். தொழிலாளர்களுக்குள் நடந்த ஒரு தகராறு. அதை இரண்டு இனங்களின் போராக்கியது அந்த நாலு வரி. மார்ச் தொடக்கத்தில் அதே திருப்பூர் எதிர்வேஷம் கட்டிக்கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. டிஜிபி சைலேந்திர பாபு மறுப்பு வீடியோ வெளியிட்டார், பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்களின் ரயில் நிலையக் கூட்டத்தைக்கூட உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று காட்டினார்கள்.

ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பதிவுகளைச் சலித்துப் பார்க்க இயந்திரமும் ஆட்களும் கொஞ்சமாவது இருக்கிறார்கள். வாட்ஸ்அப் செய்தி பூட்டிய உறையில் போகிறது, கம்பெனியால் திறந்து படிக்க முடியாது. ஆகவே குடும்பக் குழுவில் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் நீங்கள்தான். நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன்.

படி 1: திட்டுவதற்காகக்கூடப் பகிராதீர்கள்

‘பாருங்கள் இந்த அயோக்கியத்தனத்தை’ என்று போட்டாலும் அது இன்னொரு பிரதிதான். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 51 முஸ்லிம்களைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். நேரலையாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் நீக்கிய பிரதிகள் 15 லட்சம். கொலைகாரன் ஏற்றியது ஒன்று, மற்றதெல்லாம் பார்த்தவர்கள் கைவேலை.

படிக்காமல் ஃபார்வர்ட் செய்துவிட்டேன் என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசிய ஒரு பதிவை அப்படிப் பகிர்ந்த ஒரு நடிகரின் வழக்கில், ஃபார்வர்ட் செய்வது அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

படி 2: இது வெறுப்புப் பேச்சுதானா?

கடுப்பேற்றும் பதிவெல்லாம் வெறுப்புப் பேச்சு ஆகாது. அரசைத் திட்டுவது, ஒரு மத வழக்கத்தைக் கேள்வி கேட்பது, தலைவரைக் கிண்டலடிப்பது எல்லாம் சாதாரண ஜனநாயகம். எரிச்சலூட்டினாலே கைது என்று இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது, நல்ல வேளை.

நான் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். செய்த காரியத்தைத் திட்டுகிறார்களா, பிறந்த பிறப்பைத் திட்டுகிறார்களா? படித்து முடித்ததும் என்னை என்ன செய்யச் சொல்கிறது? மனிதர்களைப் பூச்சி, புழு என்று எழுத ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். 1994இல் ருவாண்டா இனப்படுகொலையின்போது ஆர்.டி.எல்.எம். வானொலி துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

படி 3: ஆதாரம் எடுத்து வையுங்கள்

புகார் செய்த பிறகு பதிவு காணாமல் போய்விடலாம். அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட். அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். ஃபேஸ்புக், எக்ஸ் என்றால் பதிவின் லிங்க்கையும் அந்தக் கணக்கின் லிங்க்கையும் நோட்ஸில் ஒட்டி வையுங்கள், பெயரை நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். கொலை வீடியோவைப் போனில் சேமிக்க வேண்டாம், லிங்க் போதும்.

படி 4: வீடியோவை விசாரியுங்கள்

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பின்னணியில் ஒருவர் பதறிக்கொண்டே பேசுவதுதான் பாதி நேரம் நம் கண்ணை மறைக்கிறது. அப்புறம் மெதுவாக ஓட்டி, மனிதர்களை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதைப் பாருங்கள். கடைப் பலகை என்ன மொழி? பஸ் என்ன நிறம்? வண்டி நம்பர்? திருப்பூர் என்றால் பெரும்பாலும் டி.என். 39 அல்லது 42 கண்ணில் படும், ஆர்.ஜே. என்று தொடங்கினால் அது ராஜஸ்தான். 2023 மார்ச்சில் தமிழ்நாடு என்று சொல்லிப் பரப்பிய காட்சிகளில் ஒன்று ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட வீடியோ. இன்னும் இரண்டைப் பற்றி டிஜிபி சொன்னார்: ஒன்றில் பீகார் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக அடித்துக்கொண்டார்கள், மற்றொன்று கோவைக்காரர்களுக்குள் நடந்த சண்டை.

தெளிவான ஒரு காட்சியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். முகம் வேண்டாம், கட்டடமோ பலகையோ உள்ள காட்சி நல்லது. பழைய தேதியில் அதே படம் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் ஊர்ப் பெயரோடு இரண்டு சொல் சேர்த்துச் செய்தியில் தேடுங்கள். யூடர்ன் போன்ற தமிழ்த் தளங்கள் ஏற்கெனவே ஆராய்ந்து எழுதியிருக்கக்கூடும்.

கடைசியாக, வீடியோ எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2018இல் பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கும் வீடியோ இந்தியா முழுக்கச் சுற்றியது. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, ஒரு பலகையைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ நறுக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைபிடிப்பு வதந்திக் காலத்தில், மே மாதம், போளூர் அருகே அத்திமூரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண்மணி குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

படி 5: புகார்

வாட்ஸ்அப்பில் செய்தியை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளியில் புகாரைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பியவரிடமிருந்து உங்களுக்கு வந்த கடைசி ஐந்து செய்திகள் கம்பெனிக்குப் போகும், அவருக்குத் தெரியாது. ஃபேஸ்புக், யூடியூபில் காரணம் கேட்கும் இடத்தில் ‘பிடிக்கவில்லை’யைத் தொடாதீர்கள், வெறுப்பு அல்லது வன்முறை என்று இருப்பதைத் தொடுங்கள்.

‘விதிமீறல் இல்லை’ என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். மறுபரிசீலனை கேளுங்கள். நம் மொழிகளில் இயந்திரம் தடுமாறும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் இன்னும் மோசம். 2018 மார்ச்சில் கண்டி, திகனப் பக்கம் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது, அவர்களைக் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவு ஒன்றுக்கே அப்படித்தான் பதில் வந்தது. அங்கே தன் தளம் வகித்த பங்குக்கு ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. இந்தியாவில் என்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். அவர் பதில் சரியில்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

ஊர், நாள், நேரம் குறித்து ‘கிளம்பி வாங்க’ என்று இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு 112க்கு அழையுங்கள். அவசரமில்லாதவற்றைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். 1930 பணம் பறிபோனவர்களுக்கான எண், பலர் அதற்கு அடித்துவிட்டு நொந்துகொள்கிறார்கள். சமூகங்களுக்கு இடையே பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

படி 6: குழுவில் பேசுவது

கஷ்டமான படி இதுதான். முன்பு ஒருமுறை பெரியப்பா ஒருவரைக் குழுவிலேயே ‘இதைக்கூட யோசிக்க மாட்டீங்களா’ என்று கேட்டுவிட்டேன். பேத்தி காதுகுத்து வரை அவர் என்னோடு பேசவில்லை, ஃபார்வர்டும் நிற்கவில்லை. எல்லார் முன்னாலும் தோற்கச் சொன்னால் யாரும் தோற்க மாட்டார்கள்.

அதனால் சித்தப்பாவுக்குத் தனியாகத்தான் எழுதினேன்: ‘சித்தப்பா, வீடியோ நிஜம்தான், ஆனா அது ஆளுங்களுக்குள்ள நடந்த தகராறாம். கீழ இருக்கிற நாலு வரி வேற யாரோ சேர்த்தது. நீங்க போட்டதுன்னா எல்லாரும் நம்புவாங்க, அதான் சொல்றேன். நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்.’ எல்லாருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. அரை மணியில் அழித்துவிட்டார். குழுவில் நான் போட்டது ஒரே வரி, என்ன நடந்தது என்பது மட்டும். பொய்யை நானும் ஒருமுறை எழுதுவானேன்?

நீங்கள் அட்மின் என்றால் யார் செய்தியையும் நீக்கலாம். அட்மினாக இருப்பதாலேயே வழக்கில் மாட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அட்மின் என்பதைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் குற்றப்பத்திரிகையில் பெயர் இருக்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கறிஞர் குழு அட்மின் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஒரு தம்பி தினமும் ஏதோ சேனலிலிருந்து இதையே கொண்டுவந்து போடுகிறான் என்றால் லிங்க் அனுப்பிப் பயனில்லை. டீக்கடைக்குக் கூட்டிப் போய் வேலை, பணம், கல்யாணம் என்று பேசவிடுங்கள். சேனல் பேச்சு தானாக வரும்.

சித்தப்பா இப்போதெல்லாம் முதலில் எனக்குத் தனியாக அனுப்பி ‘உண்மையா பாரு’ என்கிறார். போன வாரம் வந்தது, வெந்தயம் ஒரே வாரத்தில் சர்க்கரையை விரட்டுமாம். அதற்கு இன்னும் பதில் போடவில்லை.