மார்ச் 31-க்காகப் புத்தகம் போடாதீர்கள்

மழை பிடித்த முதல் வாரம். தாராவியில் எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் மேசைக்கடியில் கிடந்த புத்தகக் கட்டுகளை வெளியே இழுத்தோம். அடியில் இருந்த நாலைந்து கட்டுகள் ஊறிப்போய், பழுப்புத் தாளில் பூஞ்சை பூத்திருந்தது. 1000 பிரதிகளில் அதுவரை வெளியே போனவை 200கூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் இலவசம்.

ஏன் 1000? வாசகர் கணக்கு எதுவும் போடவில்லை. நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் திட்டப் பணத்தைச் செலவு செய்து கணக்குக் காட்டியாக வேண்டும், அவ்வளவுதான். தொண்டு நிறுவனங்கள் தொடங்கும் சின்னப் பதிப்பகங்களில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன. பணம் தருபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர். பணம் தந்தவரைத் திருப்திப்படுத்திவிட்டால் புத்தகம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

1000 போட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விற்காத பிரதிக்கு மும்பையில் இடம் யார் தருவது? முதல் புத்தகத்தைத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 100 அல்லது 200 போட்டுப் பாருங்கள். ஒரு பிரதிக்குக் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் பரணில் எதுவும் தங்காது.

விலை வைப்பதிலும் அதே கதை. ‘நாம் லாபத்துக்காகவா செய்கிறோம்?’ என்று அடக்கவிலைக்குப் பக்கத்திலேயே விலை போடுவார்கள். அச்சுக்கு 80 ரூபாய், விலை 150 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு போனால் மிச்சம் 90. எழுதியவருக்கு 10 சதவீதம், அதாவது 15 ரூபாய். கையில் நிற்பது 75. ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் 5 ரூபாய் நஷ்டம், இதில் தபால் செலவு சேரவே இல்லை. இலவசமாகக் கொடுக்க வேண்டியவர்களுக்குத் தனியாக ஒரு பங்கை ஒதுக்குங்கள். அதற்காக அட்டை விலையைக் குறைக்காதீர்கள்.

அச்சுக்கு வருவோம். மும்பை லோயர் பரேல் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் நல்ல அச்சகங்கள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இயந்திரத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. சென்னையிலோ சிவகாசியிலோ பக்கம் மாறினால் பைண்டிங் செய்பவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். இங்கே அந்தக் காவல் கிடையாது. எங்கள் கோப்பை அவர்கள் கணினியில் திறந்தபோது எழுத்துரு இல்லாமல் போய், ஒற்றைக்கொம்பு தனியே ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ‘டீக் ஹை’, சரியாக இருக்கிறது என்று இயந்திரக்காரர் அனுப்பிவிட்டார். அவர் கண்ணுக்கு எல்லாம் டீக்தான். எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். ஒரே ஒரு பிரதி அச்சடித்து வாங்கி, அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழை இன்னொன்று உண்டு. ‘ஔவை’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக அடித்திருப்பார்கள். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மின்னூலாக்கித் தேடினால் ஔவை அகப்படமாட்டார். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

பக்க எண்ணிக்கையையும் கவனியுங்கள். 16 பக்க ஃபாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் 16 பக்கங்கள் சேர்ந்து, அச்சாகும் புத்தகம் 96 பக்கத்தில் முடிந்தால் 6 ஃபாரம். 98 வந்தால் மிச்ச இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் முன்னுரைகளில் ஒன்றை எடுத்தாலே போதும். யாருக்கும் வருத்தம் இருக்காது, எழுதியவரைத் தவிர.

உரிமை விஷயத்தில் நாம் ரொம்ப அசட்டை. ‘நம்ம ஆளுதானே’ என்று வாய்ச்சொல்லோடு விட்டுவிடுகிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சம்பளம் வாங்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துக்குச் சேரும். தன்னார்வலர் செய்த மொழிபெயர்ப்பு அப்படியில்லை, எழுதி வாங்காதவரை அது அவருடையது.

சட்டத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. எங்கள் புத்தகம் தாராவிப் பெண்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகள். பெயர்களை மாற்றினோம், ஆனால் குழாயடிக்கு எதிர்வீடு, கணவருக்குத் தோல் பட்டறை வேலை, மூன்று பெண் பிள்ளைகள் என்று எல்லாம் அப்படியே இருந்தது. சந்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. ‘நான் உன்கிட்ட சொன்னேன் கண்ணு, ஊருக்கா சொன்னேன்?’ என்று அந்த அக்கா கேட்டார். கைநாட்டு வாங்கியிருந்தோம், எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. இப்போதெல்லாம் முழுக்கப் படித்துக்காட்டி, வேண்டாம் என்பதை வெட்டிய பிறகுதான் தட்டச்சுக்கே போகிறது.

வரி பற்றிச் சுருக்கமாக: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் அச்சக பில்லில் உண்டு, அதைத் திரும்பப் பெறவும் முடியாது. அடக்கவிலையில் சேர்த்துவிடுங்கள். விற்பனைக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். பொதுநலன் என்ற பிரிவில் வரி விலக்குப் பெறும் அமைப்பாக இருந்தால், வணிக வகை வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் பதிப்புப் பணி இருக்கிறதா என்றும் ஆடிட்டரிடம் கேளுங்கள். வெளிநாட்டு நிதி வாங்குபவர்கள் உற்சாகத்தில் காலாண்டு இதழ் பக்கம் போய்விடாதீர்கள், அதற்குச் சட்டமே வேறு.

ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்குக் காசு கொடுத்து ஏமாறாதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. தாள் அட்டைக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம்.

வெளியூர் வாசகருக்கு அனுப்ப, 2025 மே முதல் தபால் துறையின் ஞான் போஸ்ட் என்ற புத்தக அஞ்சல் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சகத்தின் பெயரோ பதிப்பாளரின் பெயரோ அச்சாகியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பூஞ்சை பிடிக்காமல் தப்பிய பிரதிகளை எடுத்துப் புரட்டினோம். பின்னட்டையில் நிதி தந்தவர்களின் லோகோ நான்கு இருந்தன. எங்கள் பதிப்பகத்தின் பெயர் எங்கேயும் இல்லை.