துபாய்க்குக் குடிபோகிறீர்களா? பள்ளி விஷயத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

துபாயில் ஒரு பள்ளியின் சேர்க்கைப் பிரிவில் ஏழெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் வந்து உட்காரும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கும்போது பாதி நாள் கண்ணாடி பார்ப்பது போலத்தான் இருக்கிறது. 2010-இல் கோயம்புத்தூரிலிருந்து பெட்டி கட்டியபோது நான் என்னென்ன பேசினேனோ, அதையே பேசுகிறார்கள்.

சீக்கிரம் விண்ணப்பியுங்கள், பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள், கட்டணத்தைக் கேளுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்குவது

அதில் யாரும் கணக்குப் படிப்பதில்லை.

வகுப்பு எண்ணை அப்படியே நம்புவது

பிரிட்டிஷ் பள்ளியில் 'இயர் 5' என்றால் நம் ஊர் நாலாம் வகுப்பு. எப்போதும் ஒன்றைக் கழிக்க வேண்டும். "நாலு முடிச்சுட்டான், அஞ்சுல போடுங்க" என்று விண்ணப்பத்தில் இயர் 5 என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். பையன் படித்ததையே திரும்பப் படிப்பான். நம் ஊரில் ஐந்து வயது நிறைந்ததுமே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுவதால் சில பிள்ளைகள் வயதுக் கணக்கில் ஒரு வகுப்பிலும், முடித்த படிப்பின் கணக்கில் அடுத்த வகுப்பிலும் வந்து நிற்பார்கள். எந்தக் கணக்கில் இடம் தருகிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போகும் நாளை யோசிக்காமல் பாடத்திட்டம் எடுப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

நாங்கள் வந்தபோது மகள் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வீட்டுக்காரரின் கம்பெனி பள்ளிக் கட்டணம் முழுவதையும் தருவதாகச் சொன்னது. கம்பெனி கட்டும்போது நமக்கென்ன என்று பிரிட்டிஷ் பள்ளியில் இயர் 4-இல் சேர்த்தோம். நல்ல பள்ளிதான், குறை சொல்ல மாட்டேன். இயர் 9 முடியும் தறுவாயில் ஒரு தாள் வந்தது. பிரிட்டிஷ் முறையில் நம் பத்தாம் வகுப்புப் பரீட்சை போன்ற ஐ.ஜி.சி.எஸ்.இ.க்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம். பிசினஸ் ஸ்டடீஸ், டிராமா, பிரெஞ்சு என்று அவள் டிக் அடித்தாள். சமையலறை மேடையில் வைத்தே நான் கையெழுத்துப் போட்டேன். தோசை தீய்ந்துவிடுமே என்ற அவசரத்தில் அதன் கீழே இருந்த வரியைப் படிக்கவில்லை. இது இரண்டாண்டுப் படிப்பு என்று அதில் இருந்தது.

இயர் 10, இயர் 11 இரண்டையும் முடித்துப் பரீட்சை எழுதினால்தான் ஐ.ஜி.சி.எஸ்.இ. சான்றிதழ். நடுவில் விட்டால் கையில் எதுவும் இருக்காது.

2017 பிப்ரவரியில் கம்பெனி இங்கிருந்த அலுவலகத்தை மூடியது. மகள் இயர் 10-இன் நடுவில், அதாவது ஒன்பதாம் வகுப்பின் நடுவில், இருந்தாள். அந்த மாதமே பள்ளிக் கட்டணமும் நின்றது. ஜனவரியில் தொடங்கிய டேர்மில் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டதால் முழு டேர்மின் கட்டணத்தையும் நாங்களே கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. இங்கே விதி அப்படி. இரண்டு வாரத்துக்குள் விலகினால் ஒரு மாதக் கட்டணம், ஒரு மாதத்துக்குள் விலகினால் இரண்டு மாதக் கட்டணம், அதைத் தாண்டினால் முழு டேர்மும் போச்சு.

மார்ச் முதல் வாரம் கோவையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போனோம். அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு வருஷப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் எங்கள் தாள்களை மேசையில் பரப்பி வைத்து, விரலால் ஒவ்வொரு பாடமாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இதுல தமிழும் இல்ல, இந்தியும் இல்லீங்களே. பிரெஞ்சுக்கு நம்மகிட்ட டீச்சர் இல்லீங்க. ஒம்பதும் முடிக்கல. ஜூன்ல வாங்க, மறுபடி ஒம்பதுல உட்காரட்டும்."

பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் ஒன்பதை முடித்திருக்க வேண்டும். ஆறு மாதம் படித்தாள் என்பது முடித்ததாகாது. இரண்டாம் வகுப்பில் அவளோடு படித்த பிள்ளைகள் பத்துக்குப் போனார்கள். இவள் ஒன்பதில் உட்கார்ந்தாள். வெளியே வந்து காரில் ஏறியதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

இங்கேயே ஏதாவது ஒரு இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் இருந்திருந்தால்? அவை ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகின்றன. வேலை போன பிறகும் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, பரீட்சை எழுதி, டி.சி. வாங்கிக்கொண்டு நேரே பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பாள். ஒரு வருஷம் இழந்ததற்கும் இழக்காமல் இருந்திருக்கக் கூடியதற்கும் நடுவே இருந்தது அந்தச் சில வாரம்தான்.

பிரிட்டிஷ் பாடத்திட்டமோ ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டமோ மோசம் என்று நான் சொல்லவில்லை. கல்லூரிக்குப் பிள்ளையை இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ அனுப்புவதாக உறுதியாக இருக்கிறவர்களுக்கு அவை நேர் வழி. நம்மில் பலர் அப்படி உறுதியாக இல்லை. மனதுக்குள் அண்ணா பல்கலைக்கழகமும் நீட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் முறையின் பன்னிரண்டாம் வகுப்பான ஏ லெவலின் முடிவுகள் ஆகஸ்ட் நடுவில்தான் வரும். தமிழ்நாட்டில் பொறியியல் விண்ணப்பம் அதற்கு முன்பே மூடிவிடும். நீட் தேர்வு மே மாதம், அதுவும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி. வெளிநாட்டு வாரியத்தில் பன்னிரண்டு முடித்தவர்கள் அது நம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று சமநிலைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். முடியாத காரியமில்லை. ஆனால் இதெல்லாம் பதினேழு வயதில் தெரியவருவதற்கும் பத்து வயதிலேயே தெரிந்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பி மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் தமிழ் வேறு இருக்கிறது. தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுதியாக வேண்டும். ஐந்தாறு வருஷம் 'அ' எழுதாத பிள்ளையை அதற்குத் தயார்செய்வது என்ன பாடு என்று எங்கள் வீட்டில் கேளுங்கள்.

போன ஆகஸ்டில் ஒருவர் வந்தார். திருநெல்வேலிக்காரர். பையன் எட்டு முடித்திருந்தான், அவருக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம். இயர் 10-இல் இடம் இருக்கிறதா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் அவன் சமாளிச்சுக்குவான் மேடம்" என்றார். பையன் அவர் பக்கத்தில் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, பரீட்சை எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிகிறது. பரீட்சை மே, ஜூனில். சேர்க்கையைக் கூட்டுவதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நானே ஒரு குடும்பத்தை எழுப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகவே என் கணக்கு இது. பாடத்திட்டம் மாற்றுவதாக இருந்தால் நம் ஊர் எட்டாம் வகுப்புக்குள் மாற்றிவிடுங்கள். 9-10 ஒரு ஜோடி, 11-12 ஒரு ஜோடி, ஜோடியை நடுவில் பிரிக்காதீர்கள். ஒன்பதில் இருக்கும்போது வேலை மாறினால் அப்பா முதலில் போகட்டும், அம்மாவும் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டுப் போகலாம். 2018-இல் வீட்டுக்காரருக்குத் திரும்பவும் இங்கே வேலை கிடைத்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு வருஷம் கோவை சாய்பாபா காலனியில் தனியாக இருந்தது கஷ்டம்தான். ஆனால் 2019 ஏப்ரலில் மகள் இங்கே பதினொன்றாம் வகுப்பில் எந்தத் தகராறும் இல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

வீட்டை முதலில் பிடிப்பது

துபாயில் வாடகை வருஷக் கணக்கு. பின்தேதியிட்ட காசோலைகளைக் கொடுத்துவிட்டால் நடுவில் காலி செய்வது சுலபமில்லை. டிஸ்கவரி கார்டன்ஸில் அழகான ஃப்ளாட் பிடித்துவிட்டு, அல் குஸைஸில் பள்ளியில் இடம் கிடைத்த குடும்பம் ஒன்று உண்டு. ஒன்று ஊரின் ஒரு கோடி, மற்றது ஷார்ஜாவை ஒட்டிய மறு கோடி. காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. இரண்டாம் வகுப்புக் குழந்தை பேருந்திலேயே இட்லி சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள். முதலில் பள்ளியில் இடம், பிறகு வீடு. அதுவரை சர்வீஸ் அபார்ட்மென்டில் ஒரு மாதம் தள்ளுவது செலவு குறைவு.

'மிக நன்று' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது

இங்கே தனியார் பள்ளிகளைக் கே.எச்.டி.ஏ. என்ற அரசு ஆணையம் ஆய்வு செய்து தரம் கொடுத்திருக்கிறது. அறிக்கைகள் அதன் இணையதளத்தில் இலவசம். முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தரத்தைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஒவ்வொன்றுக்கும், ஆரம்பப் பிரிவுக்கும் மேல்நிலைப் பிரிவுக்கும் தனித்தனியாகத் தரம் போட்டிருப்பார்கள். உங்கள் பிள்ளை படிக்கப்போகும் கட்டத்தைப் பாருங்கள். அறிக்கை எந்த ஆண்டுடையது என்பதையும் பாருங்கள். முதல்வர் மாறி மூன்று வருஷம் ஆகியிருக்கலாம்.

அரபி வேண்டாம் என்று பேரம் பேசுவது

ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயம். நேரம் வீணாக்காதீர்கள்.

டி.சி.யில் இனிஷியல்

சிரிப்பாக இருக்கும், ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களை இங்கே அதிகம் அலைய வைப்பது இதுதான். டி.சி.யில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செந்தில்குமார்', பிறப்புச் சான்றிதழில் வெறும் 'கார்த்திக்'. நமக்கு மூன்றும் ஒரே பையன். கணினிக்கு மூன்று பேர். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே டி.சி. எழுதி வாங்குங்கள். பிறகுதான் சான்றொப்பத்துக்கு (அட்டெஸ்டேஷனுக்கு) அனுப்ப வேண்டும். சான்றொப்பம் எல்லாம் முடிந்த டி.சி.யைத் திருத்துவதென்றால் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஊரில் இருக்கும் தாத்தாதான் மே மாத வெயிலில் குடையோடு பள்ளிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் நடப்பார்.