பின் பிரேக் டிரம்மா, டிஸ்க்கா? பிக்கப் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆத்தங்குடியில் பூக்கல் (தரைக்குப் பதிக்கும் கல்) ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்கு வரும்போது ஒன்றரை டன் சுமையில் பெரும்பகுதி பிக்கப்பின் பின் அச்சில்தான் உட்கார்ந்திருக்கும். இறக்கிவிட்டுத் திரும்பினால் தொட்டி காலி. பின் பிரேக்கைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் பேச்சு எப்போதும், "காருக்கே நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் வந்துருச்சு, இதுல இன்னும் டிரம்மா?" என்றுதான் தொடங்குகிறது.

டிரம் என்றால் பழசு, பழசு என்றால் பிடிக்காது என்று நினைப்பது முதல் தவறு. பொலேரோ பிக்கப், தோஸ்த், ஏன், விலை கூடிய ஹைலக்ஸ்கூட இங்கே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்மோடுதான் விற்பனைக்கு வந்தன. டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை வளைந்த இரண்டு ஷூக்கள் உள்ளிருந்து அழுத்தும். டிஸ்க்கில், சுற்றும் தட்டை இரண்டு பேடுகள் இருபுறமும் கவ்வும். சுற்றும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நல்ல பிடி கிடைக்கும். டிஸ்க் பேடுக்கு இந்தச் சலுகை இல்லை. நம் செம்மண் பாதையின் சேறும் பொடிக்கல்லும் மூடிய டிரம்முக்குள் எளிதில் போவதில்லை. ஆனால் தண்ணீர் உள்ளே போய்விட்டால் காய நேரமாகும். டிஸ்க்கின் உண்மையான பலம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுவது. கொடைக்கானலிலிருந்து சுமையோடு இறங்குகிறவருக்கு அது பெரிய விஷயம். புதுவயல் அரிசி ஆலைக்கும் தேவகோட்டைக் கடைக்கும் ஓடுகிறவருக்கு அந்தச் சூடே வராது.

பராமரிப்புக் குறையை டிரம்மின் குறையாக எடுத்துக்கொள்வது இரண்டாவது தவறு. என் வண்டி பிரேக் அடித்தால் வலது பக்கம் இழுத்தது. ஒரு பட்டறையில், "டிரம்மே இப்படித்தான், பின்னால டிஸ்க் மாத்திருங்க" என்றார்கள். மனசு ஒப்பாமல் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். இடது டிரம்மைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஷூவின் மேல் உரசுவதற்கென்று இருக்கும் லைனிங் முழுக்க ஈரம், கறுத்த மினுமினுப்பு, விரலில் தொட்டால் கிரவுன் ஆயில் (பின் அச்சின் கியருக்கு ஊற்றுவது) வாடை. அச்சு சீல் கசிந்திருக்கிறது. சீலை மாற்றி, இரண்டு பக்கமும் புது ஷூ போட்டதும் வண்டி நேராக நின்றது. ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடச் சொன்னால் கேட்காதீர்கள், ஊறியது ஊறியதுதான்.

மூன்றாவது தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சிறு கம்பி போகும், அதன் முனையில் ஒரு வால்வு இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் குறைத்து, பின் சக்கரம் பூட்டிச் சறுக்காமல் காக்கும். பாரம் தாங்கட்டும் என்று நாம் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுகிறோம். சுமை ஏறியும் வண்டி தாழாது. வால்வுக்கு அது காலி வண்டிதான்! முழுப் பாரத்திலும் பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும், பழி டிரம் மேல் விழும். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால், அந்தக் கம்பியையும் கம்பெனி அளவுப்படி சரிசெய்யச் சொல்லுங்கள்.

வெளியில் டிஸ்க் வாங்கி மாட்டுவதும் இதே சிக்கலில்தான் முடியும். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் தருவது), வால்வு, ஹேண்ட் பிரேக் எல்லாம் டிரம்முக்கென்று அளந்து வைத்தவை. டிஸ்க் வேண்டுமானால் கம்பெனியே பின்னால் டிஸ்க் போட்டுத் தரும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

லேத்தில் கொடுத்து டிரம்மைக் கடையும்போது, டிரம்மிலேயே வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், அது நுரையீரலுக்குக் கேடு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், காலியாக ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாதிச் சுமையாவது ஏற்றி, ஆளில்லாத ஒரு மேட்டில் நிறுத்தி, பிரேக்கில் கால் தயாராக இருக்க, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு சாண் பின்னால் நகர்ந்தாலும், விலை பேசும் முன் டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.