சக்குலன்ட்டைச் சிவக்க வைக்கப்போய்ச் செய்யும் தவறுகள்

பாதையோரச் செடிக்கடையில் சக்குலன்ட் (தடித்த இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் செடி) வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஓரம் சிவந்த எச்செவேரியா, ரோஸ் நிறத்துக் கிராப்டோபெட்டலம், செம்பு நிறத்தில் குட்டிக் குட்டி இலைகளுடன் சீடம். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து ஒரு மாதம் போனால் எல்லாம் ஒரே பச்சை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும். அவர் மேல் பிழையில்லை. ஜன்னலோரத்தில் அந்தச் செடிக்கு வெயிலும் உறைக்கவில்லை, குளிரும் உறைக்கவில்லை. பிறகு எதற்குச் சிவக்க வேண்டும்?

இலை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வெளிச்சம் விழும்போது, அதுவும் குளிராலோ தண்ணீர்க் குறைவாலோ அதன் வேலை மந்தமாகியிருக்கும்போது, மிஞ்சும் ஒளி பச்சையத்தைப் பாதிக்கும். அதைத் தடுக்கச் செடி அந்தோசயனின் என்ற சிவப்பு, ஊதா நிறமியை இலையின் மேற்புறத்தில் சேர்த்துக்கொள்கிறது. கக்டஸ் வகைக் கள்ளிகளில் இந்த வேலையைச் செய்வது பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட்டுக்கு நிறம் கொடுப்பதும் அதே இனம்தான். இதை விளங்கிக்கொள்ளக் கடைச்செடி கூட வேண்டாம். நம்மூர்ப் பாறை வெடிப்பில் வெயில் குடித்து நிற்கும் ரணகள்ளியின் இலையோரம் சிவந்திருக்கும். நாலடி தள்ளி மர நிழலில் நிற்பது வெறும் பச்சை.

விஷயம் தெரிந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், சாடியைத் தூக்கி முற்றத்து உச்சி வெயிலில் வைப்பது. செடியைக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. நம் மலைநாட்டு நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காற்று சில்லென்று இருப்பதால் நமக்கு வெயில் உறைப்பதில்லை, இலைக்கு உறைக்கும். போதாததற்கு, கடைச்செடிகள் பெரும்பாலும் பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்ந்தவை. நேர் வெயிலைக் கண்டே இருக்காது.

வெயிலில் சிவப்பதையும் வெயிலில் கருகுவதையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். சிவப்பு நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி, வெயில் படுகிற எல்லா இலைகளிலும் மெல்லப் பரவும். இலையும் இறுக்கமாகவே இருக்கும். கருகல் அப்படியில்லை. இலையின் மேல் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிறிய திட்டு விழுந்து, காய்ந்து, தொட்டால் சொரசொரப்பாகக் கபில நிறமாகும். அந்தத் தழும்பு ஆறாது, அந்த இலை உதிரும் வரை இருக்கும். காலை வெயிலில் ஒரு மணித்தியாலம் என்று தொடங்கி, இரண்டு மூன்று கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இன்னொரு விஷயம்: ஒரு கிழமை முழுக்க மூட்டம் போட்டுவிட்டுத் திடீரென்று வானம் வெளுக்கும் நாட்கள் இங்கே சகஜம். மூட்டத்தில் மெதுவாகிப்போன செடி அன்றைக்குத்தான் கருகும். முதல் இரண்டு நாளைக்கு மதியத்தில் ஒரு நிழல் வலை போதும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் இலையுதிர் காலத்தில் நிறம் வரும் என்று படித்துவிட்டு ஒக்டோபரில் காத்திருப்பவர்களும் உண்டு. நமக்கு ஒக்டோபர், நவம்பர் என்றால் பின்னேரத்தில் இடியும் மழையும்தான். ஹட்டன், நுவரெலியா பக்கம் நிறம் நன்றாக வருவது ஜனவரி முதல் மார்ச் வரை: பகலில் தெளிந்த வெயில், இரவில் 10 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும் குளிர். பண்டாரவளை, வெலிமடைக்காரருக்குக் கணக்கு வேறு. மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் இவர்கள் இருக்கும் ஊவாவில் வறட்சி, காய்ந்த காற்று. ஹட்டனில் இருப்பவருடைய தண்ணீர்க் கணக்கை வெலிமடையில் பின்பற்றினால் செடி சுருங்கிப் போகும், மாற்றிச் செய்தால் அழுகிப் போகும்.

அழுகலின் நிறத்தையும் அழகு என்று நினைத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் அடியிலைகள் மஞ்சளாகி, ஒளி ஊடுருவுவது போலப் பளபளக்கும். விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது, வேரைப் பார்க்க வேண்டும். வாடிச் சுருக்கம் விழுந்து வளைந்தால் தண்ணீர் போதவில்லை. அடியிலை ஒன்றிரண்டு கடதாசி போலக் காய்ந்து உதிர்வது வழமைதான், அதற்குப் பதறவேண்டாம். நிறம் வரட்டும் என்று மாதக்கணக்கில் தண்ணீரே காட்டாமல் விடுவதும் கூடாது. வேர் செத்த செடியும் சிவக்கும், ஆனால் புது இலை விடாது.

குளிர் நல்லது என்றேன், உறைபனி வேறு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லின் மேல் வெள்ளை படியும் விடியற்காலைகளில், வெளியே இருக்கும் சக்குலன்ட்டின் இலைக்குள் இருக்கும் நீரும் உறையும். வெயில் ஏறியதும் இலை அவித்தது போல் ஆகிக் கறுக்கும். வானம் தெளிந்து காற்றும் நின்ற இரவென்றால் சாடிகளை இஸ்தோப்புக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

எல்லாச் செடியும் சிவக்காது. ஹவோர்த்தியா அரை நிழல் செடி, அதை வெயிலில் வதைத்தால் கபில நிறத்தில் குறுகும், பார்க்கச் சகிக்காது. ஒட்டுக்கட்டி விற்கும் சிவப்பு, மஞ்சள் உருண்டைக் கள்ளிக்குப் பச்சையமே கிடையாது. அது பிறவி நிறம், அடிக்கட்டைதான் அதற்குச் சோறு போடுகிறது. கடும் வெயிலில் வைத்தால் முதலில் வேகுவது அந்த உருண்டைதான்.

இலை மேல் வெண்மையாகப் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சைத் தூசி என்று துடைப்பவர்களுக்கு என்ன சொல்வது! வெயிலிலிருந்து காப்பதில் அதற்கும் பங்குண்டு. துடைத்த இடத்தில் விரல் அடையாளம் அப்படியே நிற்கும். இலை இடுக்கில் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மட்டும் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

கடைசியாகப் பசளை. தேயிலைக்கு வாங்கியதில் மிச்சமிருக்கிறதே என்று ஒரு பிடி யூரியாவைப் போட்டால், நைதரசன் ஏறி இலை கொழுத்து, தண்டு இளகி, இருந்த சிவப்பும் போய்விடும். கொம்போஸ்ட் கொஞ்சமாகவும் மணலும் செங்கல் துண்டும் அதிகமாகவும் கலந்த மண்ணில் நட்டிருந்தால் அந்த வருடத்துக்கு வேறு பசளையே தேவையில்லை.