சந்தாப் பட்டியல் ஏபிஐ-க்கு ஆவணம் எழுதுவது எப்படி: ஃபில்டர் கொடுக்காவிட்டால் என்ன வரும் என்பதில் தொடங்குங்கள்

வாடிக்கையாளர்களின் சந்தாக்களைப் பட்டியலிடும் ஏபிஐ-க்கு (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்கும் வழி) ஆவணம் எழுதச் சொன்னால், பலரும் ஒரு அட்டவணை போட்டு, பாராமீட்டர் (கேட்கும்போது கூடவே கொடுக்கும் மதிப்பு) பெயர், டைப், ஒரு வரி விளக்கம் என்று நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். "ஸ்டேட்டஸ்: சந்தாவின் நிலை" என்று ஒரு வரி. பெயரில் இருப்பதையே திரும்பச் சொன்னால் படிப்பவருக்கு என்ன கிடைக்கும்? அவர் தேடி வருவது வேறு: இந்த ஃபில்டரை நான் கொடுக்காவிட்டால் என்ன வரும், எது வராமல் போகும்? ஆவணத்தின் முதல் பத்தியே இதற்குப் பதிலாக இருக்க வேண்டும்.

இணையத்தில் பணம் வசூலிக்க உதவும், பலருக்கும் தெரிந்த ஸ்ட்ரைப் நிறுவனத்தின் சந்தாப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்டஸ் எதுவும் கொடுக்காமல் கூப்பிட்டால் எல்லாச் சந்தாக்களும் வரும் என்று நினைப்போம். வராது. ரத்தான சந்தாக்களை விட்டுவிட்டு மற்றதைத்தான் தரும். எல்லாம் வேண்டுமென்றால் ஸ்டேட்டஸில் 'ஆல்' என்று கேட்க வேண்டும். இது தெரியாமல் ஒருவர் "இந்த ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள்" என்று ரிப்போர்ட் எடுத்தால் பூஜ்யம் வரும், எர்ரர் வராது. எர்ரர் வந்தாலாவது உட்கார்ந்து தேடுவார், அமைதியாகத் தப்பான எண் வந்தால் அதை அப்படியே மேலாளருக்கு அனுப்பிவிடுவார்.

அடுத்து நிலைகள். இங்கே இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சந்தா எப்படி அதற்குள் வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று எழுதுங்கள். முதல் பணம் கட்டப்படாத சந்தா 'இன்கம்ப்ளீட்' நிலையில் நிற்கும், 23 மணி நேரத்துக்குள் பணம் வராவிட்டால் காலாவதியாகிவிடும். இந்த 23 மணி நேரத்தை எழுதினால்தான், நேற்று பார்த்த சந்தா இன்றைக்கு ஏன் வேறு நிலையில் இருக்கிறது என்று புரியும். அதேபோல 'ஆக்டிவ்' என்று ஃபில்டர் போட்டால் இலவச சோதனைக் காலத்தில் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள், அவர்களுக்கு 'ட்ரையலிங்' என்று தனி நிலை. இன்னொன்று: மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ரத்து செய்தவரும் அந்தக் கடைசி நாள் வரை ஆக்டிவ்தான். யார் தொடரப்போகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் நிலையைப் பார்த்தால் போதாது, 'கேன்சல் அட் பீரியட் எண்ட்' என்ற புலத்தையும் பார்க்க வேண்டும். இதை நிலைகள் பகுதியிலேயே சொல்லுங்கள், வேறெங்கோ இருக்கும் புலங்களின் அட்டவணையில் புதைக்காதீர்கள். எழுத்துக்கூட்டலையும் சொல்லிவிடுங்கள்: ஸ்ட்ரைப் 'கேன்சல்ட்' என்பதை அமெரிக்க வழக்கப்படி ஒற்றை 'எல்' போட்டு எழுதுகிறது, நம் ஊரில் பள்ளியில் படித்த கை தானாக இரண்டு 'எல்' அடிக்கும்.

தேதி ஃபில்டருக்கு அலகு முக்கியம். யூனிக்ஸ் நேரம் (1970 ஜனவரி 1 முதல் கடந்த நேரம்), அதுவும் நொடிகளில் என்று எழுதுங்கள், ஏனென்றால் ஜாவாஸ்க்ரிப்ட் தானாகத் தருவது மில்லி நொடி, ஆயிரத்தால் வகுக்காமல் அனுப்பினால் தேதி பல்லாயிரம் ஆண்டு தள்ளிப் போய்விடும். அப்புறம் நேர மண்டலம். இந்தியாவில் ஏப்ரல் 1 பிறக்கும்போது யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) மார்ச் 31 மாலை 6.30 மணி; நிதியாண்டுக் கணக்கு எடுப்பவருக்கு இந்த ஐந்தரை மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. எடுத்துக்காட்டிலேயே இந்திய நேரத்தின் ஒரு நாளை எடுத்து அதற்கான எண்ணைக் காட்டிவிடுங்கள்.

பக்கம் பிரிப்பதற்கு அதிகம் எழுத வேண்டாம். ஒரு பக்கத்தில் எத்தனை என்று சொல்லும் லிமிட்டைக் கொடுக்காவிட்டால் 10, அதிகபட்சம் 100, புதிதாக உருவானது முதலில். 'ஹேஸ் மோர்' (இன்னும் இருக்கிறதா) உண்மை என்று வந்துகொண்டிருக்கும் வரை, கடைசிச் சந்தாவின் ஐடியை 'ஸ்டார்ட்டிங் ஆஃப்டர்' என்று கொடுத்து அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எடுத்துக்காட்டில் ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் முழுச் சுற்றையும் எழுதிக் காட்டுங்கள், ஏனென்றால் மக்கள் விளக்கத்தைப் படிப்பதைவிட எடுத்துக்காட்டை காப்பி அடிப்பதுதான் அதிகம்.

இப்போது இந்த ஏபிஐ-யை ஏஐ ஏஜெண்டுகளுக்கும் (நமக்காகத் தானே வேலை செய்யும் ஏஐ நிரல்கள்) ஒரு டூலாகக் கொடுக்கிறார்கள். அங்கே ஆவணம் என்பது சில வரி விளக்கம்தான், ஆனால் பொறுப்பு கூடுதல். மனிதர் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்பார்; ஏஜெண்டுக்குள் இருக்கும் ஏஐ மாடலுக்கு அந்த விளக்கம்தான் எல்லாம். "வாடிக்கையாளரின் சந்தாக்களைப் பட்டியலிடும்" என்று மட்டும் எழுதினால், போன மாதம் ரத்து செய்துவிட்டுப் பணம் திரும்பக் கேட்டு வருபவரிடம் "உங்களுக்குச் சந்தாவே இல்லை" என்று அது சொல்லிவிடும். "ரத்தானவை இதில் வராது, பழைய சந்தாவைப் பற்றிக் கேட்டால் ஸ்டேட்டஸை ஆல் என்று கொடு" என்ற ஒரு வரி சேர்த்தால் போதும். வாடிக்கையாளர் ஐடி எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாடல் மின்னஞ்சல் முகவரியை அந்த இடத்தில் போட முயலும்.

சரி, எழுதி முடித்தாயிற்று என்றால், ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் டெஸ்ட் கீ (உண்மைப் பணத்தைத் தொடாத சோதனைச் சாவி) வைத்து ஓட்டி, வந்த பதிலையே ஒட்டுங்கள், கையால் தயாரித்த பதில் வேண்டாம். பக்கத்தின் மேலேயே ஏபிஐ பதிப்பையும் போடுங்கள். ஸ்ட்ரைப்பில் நடப்புக் காலம் முடியும் தேதி முன்பு சந்தாவிலேயே இருந்தது, 2025 மார்ச் 31 பதிப்பில் அது சந்தாவுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மாறிவிட்டது; பழைய எடுத்துக்காட்டை அப்படியே எடுத்துப் புதிய பதிப்பில் ஓட்டுபவருக்கு அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.