பழைய பத்திரங்களைக் கருப்பு வெள்ளைப் படங்களாகச் சுருக்கி வைக்கும் முறை

பாளையங்கோட்டையில் தாத்தா விட்டுச்சென்ற நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்தபோது நான் கற்றுக்கொண்ட முறை இது. ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) சாம்பல் நிறப் படமாக எடுத்தால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 8.7 எம்பி வரும். பிக்சலுக்கு ஒரு பிட் என்ற கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் 1.1 எம்பிக்குள் அடங்கிவிடும். மாற்றும்போது தூசி நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் அது மெய்யெழுத்தின் புள்ளிகளையும் தூசியென்று அழித்து, நான்கெல்லையில் உள்ள ‘வாய்க்கால்’ என்பதை ‘வாயககால’ ஆக்கிவிடக்கூடும்.

பின்பு, கருப்பு வெள்ளைப் படங்களுக்கான குரூப் 4 என்ற சுருக்க முறையுடன் டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சேமியுங்கள். அதில் ஒரு பிக்சல்கூட இழப்பில்லை. ஜேபெக் (JPEG) வேண்டாம், எழுத்தோரங்கள் கலங்கும். ஜேபிக் 2 (JBIG2) என்ற இன்னொரு கருப்பு வெள்ளை முறையின் இழப்புச் சுருக்கமோ, ஒத்த உருவங்களை ஒன்றாகவே கருதி 6 இருந்த இடத்தில் 8-ஐ வைத்துவிடக்கூடும் என்பதால், சர்வே எண் உள்ள பக்கத்துக்கு அது கூடவே கூடாது.

ஏற்கெனவே சுருங்கிய கோப்புகளை ஜிப் மேலும் பெரிதாகக் குறைக்காது. ஆனாலும் ஊர்வாரியாக ஒரே பொதியாக்கினால் வெளியூர்ப் பங்காளிகளுக்கு அனுப்புவது எளிது. அனுப்பும் முன் பொதியை ஒருமுறை விரித்துப் பாருங்கள்.